கத்திரி

பன்னிரண்டு வருஷம் ரோஜா வெட்டிய கை இது.
பாகலூர் தாண்டி, பாலிஹவுஸ் கூரைக்கடியில்,
மொட்டு கண் விழிக்குமுன்
ஐந்திலைக் கணுவுக்கு மேலே சாய்வாக
ஒரே வெட்டு.
அறுபது சென்டிமீட்டர் ஒரு கட்டு,
ஐம்பது இன்னொரு கட்டு,
வளைந்தது குப்பை.

சோதனைக்கென்று எட்டு நாற்று வந்தது,
ஹைட்ரேஞ்சியாவில் ஒரு ஜாதி.
ஆறு அழுகிப்போச்சு.
"தண்ணி நின்னா சாகுது, வெயில் பட்டா தொங்குது,
இது எதுக்கு நமக்கு?" என்றார் பசவராஜ் சார்.
மிச்சம் இரண்டு.
ஒன்றை பம்பு ரூம் பின்னால் யாரோ வைத்து மறந்தார்கள்.
மற்றதை கம்பெனி வேனில்
மடியில் வைத்து மத்திகிரி கொண்டுவந்தேன்.

ஓக் மரத்து இலைபோல் இலை இருப்பதால் அந்தப் பேர் என்று
அட்டையில் போட்டிருந்தது.
ஓக் மரத்தை நான் பார்த்ததில்லை.
எங்கள் சந்தில் யார் பார்த்தார்கள்?
"ஆமணக்கா?" என்றாள் மாடி வீட்டு செங்கமலம்.
"ஆமுதமா?" என்றார் தெலுங்கில் இஸ்திரிக்காரர்.
"ஹரளா?" என்றார் பால் ஊற்றும் கெம்பண்ணா.
மூன்று பாஷையிலும் அதே எண்ணெய்.
குல்சார் பீ மட்டும் எதுவும் கேட்கவில்லை,
ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கத்து வெள்ளை ரோமத்தை
விரலால் தடவிவிட்டுப் போனாள்.

செம்மண்ணில் தேங்காய்நார்த் தூள், அடியில் ஜல்லி.
ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில் இரண்டு குடம்.
பதினோரு மணி வரை வெயில்,
அப்புறம் பக்கத்து வீட்டு மூன்றாவது மாடியின் நிழல்.
அந்த மாடி எழும்பியபோது
முனிசிபாலிட்டி வரை போய் சண்டை போட்டவள் நான்.

இரண்டாம் வருஷம் கார்த்திகைக் குளிரில்
இலையெல்லாம் சிவந்தது,
பீட்ரூட் நறுக்கிய பலகை மாதிரி.
பிறகு உதிர்ந்தது.
தண்டில் பட்டை வெங்காயத்தோலாய் உரிந்து தொங்க
வெறும் குச்சி நின்றது.

எனக்குத் தெரிந்தது ஒரே வித்தை.
இன்றைக்கு வெட்டினால் நாற்பத்தைந்து நாளில் பூ,
கூடினால் ஐம்பது.
மார்கழி ஞாயிற்றுக்கிழமை
முழங்கால் உயரத்துக்கு இறக்கினேன்.
அவ்வளவு சுத்தமான கவாத்து
கம்பெனியில்கூடப் பண்ணியதில்லை.

தையில் துளிர். மாசியில் இலை.
பங்குனி, சித்திரை, இலை இலை இலை,
சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு.
பூவைக் காணோம்.
எரு போதவில்லையோ என்று எரு போட்டேன்.
இன்னும் பெரிய இலை.

அக்னி நட்சத்திரம் பிறந்து ஐந்தாம் நாள்
மோட்டார் நின்றுபோச்சென்று பம்பு ரூமுக்கு ஓடினேன்.
சுவர் இடுக்கில்
குழாய் ஒழுகலில் பிழைத்து
யாரும் வெட்டாத,
யாரும் பார்க்காத அந்த இன்னொன்று.
வெள்ளைவெளேரென்று கூம்பு கூம்பாய்,
ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம்.
எண்ணினேன், பதினேழு.
கீழ்ப்பூக்கள் அதற்குள் ரோஸ் நிறம் ஏறத் தொடங்கியிருந்தன.

குனிந்து பார்த்தேன்.
ஒவ்வொரு கூம்பும் போன வருஷத்துத் தண்டின் நுனியிலிருந்து.
அந்த உரிந்த, பழுப்பேறிய,
செத்ததென்று நான் சீவிய அதே தண்டு.
அப்படியென்றால் மார்கழியில்
அதற்குள்ளே இருந்திருக்கிறது.
என் இடுப்பில் கத்திரி தொங்கிக்கொண்டிருந்தது.
மோட்டாருக்கு என்னாச்சு என்று ரத்னம்மா கத்தினாள்.
என்னாச்சு என்று இப்போது நினைவில்லை.

இந்த மார்கழி மறுபடி வெறும் குச்சி.
"செத்துடுச்சா?" முதல்முறையாகக் கேட்கிறாள் குல்சார் பீ.
தெரியாது என்கிறேன்.
கை அரிக்கத்தான் செய்கிறது.
பல் விளக்கிக்கொண்டே போய் நுனியை மட்டும் பார்க்கிறேன்:
துருப்பிடித்த நிறத்தில்
எலிக்குஞ்சின் மூக்களவு ஏதோ ஒன்று.
தொடவில்லை.

பனியில் வேன் ஹாரன் அடிக்கிறது.
இன்று என் கணக்கு ஆயிரம் தண்டு.
கத்திரி வர
இன்னும் நாலு மாதம்.